மூன்று முறை கிழிந்த முட்டி: கரோலினா மரினின் ஆட்ட வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினின் பாட்மிண்டன் ஆட்டக்காரர் கரோலினா மரினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். ஃபிளமெங்கோ நடனம் ஆடிக்கொண்டிருந்த சிறுமி, பாட்மிண்டன் வழக்கமே இல்லாத நாடு, உலக சாம்பியன், ஒலிம்பிக் தங்கம், முட்டி போனது, எழுந்து வந்தார், மறுபடி போனது, மறுபடி எழுந்து வந்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லி முடித்தால் "என்ன மனவலிமை!" என்ற வியப்பு மட்டுமே கையில் மிஞ்சுகிறது. அந்த மனவலிமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. மூன்று உலகப் பட்டமும் மூன்று முட்டிக் காயமும் ஒரே ஆட்டக்காரருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று புரிந்துகொள்ள அது போதாது என்பதுதான் என் வாதம். அவர் எப்படி வேகத்தைக் கட்டினார், எந்தக் காலில் இறங்கினார், எத்தனை மாதத்தில் திரும்பினார் என்று பார்க்க வேண்டும். பாட்மிண்டன் ஆடும் பெண்களுக்கும் அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் அங்கேதான் இருக்கிறது.

பின்புலம்

மரின் பிறந்தது 1993 ஜூன் 15, ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் உள்ள உவெல்வாவில். 14 வயதில் வீட்டை விட்டு மட்ரிட்டில் உள்ள தேசிய உயர்நிலைப் பயிற்சி மையத்துக்குப் போனார். பயிற்சியாளர் பெர்னாண்டோ ரிவாஸ். பாரிஸ் ஒலிம்பிக் வரை அவரை உருவாக்கியவரும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டியவரும் அவர்தான்.

ரிவாஸின் முன்னால் இருந்த சிக்கலைச் சரியாக எடைபோட வேண்டும். 2000 சிட்னி முதல் 2012 லண்டன் வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பெண்கள் ஒற்றையர் தங்கம் சீனாவுக்கே போனது. ஐரோப்பாவிலிருந்து உலகப் பட்டம் வென்ற பெண்கள் இரண்டே பேர்: 1977ல் லெனே கொப்பென், 1999ல் கமிலா மார்ட்டின். இருவரும் டென்மார்க். அங்கே பாட்மிண்டன் கிளப்புகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சீனாவில் ஒரு பெண் தினமும் காலையில் கோர்ட்டில் இறங்கினால் எதிரே நிற்பவர் உலகின் முதல் இருபதில் ஒருவராக இருக்கலாம். மட்ரிட்டில் அப்படி ஒருவரும் கிடையாது. சமமான பெண் இல்லாத இடத்தில் ஆண் ஆட்டக்காரர்களை எதிரே நிறுத்தினார்கள். உடற்பயிற்சியாளர், பிசியோ, உளவியல் நிபுணர் என்று ஒரே ஒருவருக்காக ஒரு குழுவே வேலை பார்த்தது.

இதை "தனி ஒருவர் ஆசியாவை வென்றார்" என்று சொல்வது அழகாக இருக்கலாம், ஆனால் சரியான கணக்கு ஆகாது. ஒருவருக்காகவே முழுதாக வளைந்துகொடுக்கும் ஒரு சிறிய அமைப்பு, ஆழம் மிகுந்த பெரிய அமைப்பை எதிர்கொண்டது. அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: அந்த ஒருவர் விழுந்தால் அடுத்து ஆளில்லை.

ஆட்டம்

மரின் இடதுகைக்காரர். எதிராளிகள் வாழ்நாளெல்லாம் வலதுகைக்காரர்களோடு ஆடிப் பழகியவர்கள். வழக்கமாக பேக்ஹேண்டுக்குப் போகும் பந்து மரினின் ஃபோர்ஹேண்டுக்குப் போய்விடும். ஆனால் உலகத் தரத்தில் இடதுகைக்காரர்கள் வேறு பலரும் உண்டு. மரினை வேறுபடுத்தியது ஆட்டத்தின் நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட விதம். அவர் பந்தை சீக்கிரம் எடுப்பார். எதிராளி நெட்டுக்கு மேல் ஒரு விரல் உயரம் கூடுதலாகத் தூக்கினாலும் மரின் அங்கே நிற்பார். பாயிண்ட் முடிந்ததும் ஒரு கத்தல், உடனே சர்வ் போடும் இடத்துக்கு நடை. தான் பாயிண்ட் இழந்தால் மட்டும் வியர்வை துடைப்பது, ஷட்டில் மாற்றக் கேட்பது என்று நிதானமாகிவிடுவார். இரண்டு ரேலிகளுக்கு இடையில் கிடைக்கும் அந்த நொடிகளையும் ஆட்டத்தின் பகுதியாக்கினார். அந்தக் கத்தல் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை. விதிகள் அனுமதித்த எல்லைக்குள் தாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது; அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர் அவர்.

2014 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியில், லண்டன் ஒலிம்பிக் சாம்பியன் லீ ஷுவேருயிடம் முதல் கேமை 17-21 என்று இழந்தார். பிறகு 21-17, 21-18. மறு ஆண்டு மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியில் சாய்னா நேவால். அங்கேயும் முதல் கேம் போனது, 16-21, 21-14, 21-7 என்று முடித்தார். ஆகஸ்டில் ஜகார்த்தாவில் மறுபடி சாய்னா, 21-16, 21-19, இரண்டாவது உலகப் பட்டம்.

ரியோ இறுதியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2016 ஆகஸ்ட் 19, எதிரே பி.வி. சிந்து. முதல் கேமில் மரின் 19-16 என்று முன்னால் இருந்தார். அங்கிருந்து சிந்து தொடர்ச்சியாக ஐந்து பாயிண்ட் எடுத்து 21-19 என்று கேமைப் பறித்தார். ஒலிம்பிக் இறுதியில் கையில் இருந்த கேம் அப்படிப் போனால் அடுத்த கேமின் தொடக்கத்தில் கால் தயங்கும். மரினின் கால் அதற்கு நேர்மாறாகப் போனது. இரண்டாவது கேமின் இடைவேளையில் ஸ்கோர் 11-2. சிந்துவின் உயரம் பின்கோர்ட்டிலிருந்து அடிக்கும்போது பெரிய ஆயுதம். அந்த உயரத்துக்கு வேலையே வைக்காமல், பந்தைத் தாழ்வாகவும் வேகமாகவும் உடம்பை ஒட்டியும் கொண்டுபோனார். 21-12. மூன்றாவது கேமில் மரின் விலகிப் போக, சிந்து துரத்திப் பிடித்து 10-10 ஆக்கினார். இடைவேளைக்குப் பிறகு மரின் மறுபடி வேகத்தைக் கூட்டினார், 21-15. ஆட்டம் 80 நிமிடத்துக்கு மேல் போனது. ஆசியாவுக்கு வெளியிலிருந்து பெண்கள் ஒற்றையர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆட்டக்காரர்.

2018ல் நான்ஜிங்கில் அதே சிந்துவை 21-19, 21-10 என்று வென்று மூன்றாவது உலகப் பட்டம். அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஒற்றையரில் மூன்று முறை வென்றதில்லை.

காயங்கள்

2019 ஜனவரி 27, ஜகார்த்தா, இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி. எதிரே சாய்னா. முதல் கேமில் மரின் 10-4 முன்னிலை. வலது காலில் தவறாக இறங்கினார். எழுந்து ஆடப் பார்த்தார், முடியவில்லை, அழுதபடி விலகினார். வலது முட்டியின் ஏசிஎல் கிழிந்திருந்தது. நம்மவர்கள் பொதுவாக முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறோமே, அந்த வகைக் காயங்களில் மிக மோசமானது இது.

2021 மே மாத இறுதியில், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் கூட இல்லாத நேரத்தில், பயிற்சியின்போது இடது முட்டி. ஏசிஎல்லோடு, முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புகளான இரண்டு மெனிஸ்கஸும் பாதிக்கப்பட்டன. நடப்பு சாம்பியன் போட்டிக்கே போகவில்லை.

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி, சீனாவின் ஹே பிங்ஜியாவோவுக்கு எதிராக. முதல் கேம் 21-14. இரண்டாவதிலும் முன்னிலை. மறுபடி ஓர் இறக்கம், மறுபடி வலது முட்டி. முட்டிக்கு பிரேஸ் மாட்டிக்கொண்டு வந்து இரண்டு ரேலி ஆடினார், இரண்டையும் இழந்தார். 10-8ல் நிறுத்தினார். முதல் முறை போலவே, விலகும்போது ஸ்கோரில் அவர்தான் முன்னால்.

ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் நார். கீழ்க்கால் முன்னே நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் அது பிடிக்கிறது. பாட்மிண்டனில் அது கிழிவதற்கு ஒரு குறிப்பிட்ட தருணம் இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். பந்து பேக்ஹேண்ட் பக்கப் பின்மூலைக்குப் போகிறது. ஆட்டக்காரர் பேக்ஹேண்டில் எடுக்காமல், உடம்பைச் சாய்த்து, தலைக்கு மேலாகச் சுற்றி அடிக்கிறார். காற்றிலேயே இடுப்பு திரும்புகிறது. தரையைத் தொடும் முதல் கால், ராக்கெட் பிடிக்காத கை பக்கத்துக் கால். உடம்பின் முழு எடையும் அந்த ஒரே காலில் விழுகிறது. அதே நொடியில் அந்தக் காலைத் தள்ளி முன்னே ஓடியும் ஆக வேண்டும். முட்டி போதுமான அளவு மடங்காமல், உள்பக்கமாகச் சரிந்து, பாதம் தரையில் பிடித்துக்கொண்டிருக்க மேலே உடம்பு திரும்பினால், நார் அறுந்துபோகிறது. யாரும் மோதவில்லை, தள்ளவில்லை.

இடதுகைக்காரருக்கு அந்தக் கால் வலது. மரினின் 2019, 2024 காயங்கள் இரண்டும் வலது முட்டி, இரண்டும் இறங்கும்போது. இந்தப் படத்தோடு அவை பொருந்திப்போகின்றன. நெட்டுக்கு நீளமாகக் கால் வைத்துப் பாயும்போது முன்னே போவது ராக்கெட் பக்கத்து இடது கால். ஆட்டத்துக்கு ஆட்டம் நூற்றுக்கணக்கான பாய்ச்சலை அந்த முட்டிதான் நிறுத்துகிறது. இரண்டு காலுக்கும் ஓய்வு இல்லாத ஆட்டம் இது.

அவருடைய வேகமே முட்டியைக் கெடுத்தது என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தீர்ப்பு எழுத மனம் வரவில்லை. வேகம் குறைவாக ஆடியவர்களுக்கும் இதே காயம் வந்திருக்கிறது. 2012 லண்டனில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முதல் கேமை 21-18 என்று வென்றிருந்த சீனாவின் வாங் ஷின், முட்டி போய் விலகியதால்தான் சாய்னாவுக்குப் பதக்கம் வந்தது. 2016 ரியோ அரையிறுதியில் மரினிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது லீ ஷுவேருயின் முட்டி போனது. அதே ரியோவில் சாய்னா முட்டிக் காயத்தோடு ஆடி குழுச் சுற்றிலேயே வெளியேறி, திரும்பி வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஏசிஎல் கிழிவது ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதும் கால்பந்திலும் கூடைப்பந்திலும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். இத்தனையையும் தனித்தனியே துரதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போவது வசதியாக இருக்கலாம். பெண்கள் ஒற்றையருக்கென்றே ஒரு முட்டிப் பிரச்சினை இருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

திரும்புதல்

ஏசிஎல் தானாக ஒட்டிக்கொள்ளாது. உடம்பின் வேறு இடத்திலிருந்து, பெரும்பாலும் பின்தொடைத் தசைநாரிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரிலிருந்தோ, ஒரு பட்டை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். வலி சில வாரத்தில் அடங்கிவிடும். ஒட்டுப்போட்ட நார் உயிருள்ள நாராக மாறி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளிதான் ஆபத்து: ஆட்டக்காரருக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும், உள்ளே நார் இன்னும் தயாராகியிருக்காது. ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவர்கள் அந்த எல்லையை வலியுறுத்துகிறார்கள்.

மரின் 2019 ஜனவரி கடைசியில் காயப்பட்டு செப்டம்பரில் திரும்பினார். எட்டு மாதம் கூட ஆகவில்லை. வியட்நாம் ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோல்வி. அடுத்துப் போனது சாங்ஜோவில் சைனா ஓப்பன். அங்கே இறுதியில் தைவானின் தாய் சூ யிங்கை 14-21, 21-17, 21-18 என்று வென்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகான இரண்டாவது போட்டியில் இப்படி ஒரு பட்டம் என்பது நம்ப முடியாத விஷயம். அந்த ஆண்டு முடிவதற்குள் லக்னோவில் சையத் மோடி போட்டியையும் வென்றார். ஒப்பிட, லீ ஷுவேருய் 2016 ஆகஸ்டில் காயப்பட்டு 2018ல்தான் சர்வதேச ஆட்டத்துக்குத் திரும்பினார். பழைய இடத்தை எட்டவே இல்லை, 2019ல் ஓய்வு பெற்றார். எந்தப் பாதை சரி என்று இந்த இரண்டை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது. சீக்கிரம் திரும்பியவர் பட்டங்களை அள்ளினார், ஐந்தாண்டு கழித்து அதே முட்டி போனது. நிதானமாகத் திரும்பியவருக்கு முட்டி தாங்கியது, ஆட்டம் திரும்பவில்லை.

2020 ஜூலையில் மரினின் அப்பா இறந்தார். பிப்ரவரியில் வேலையிடத்தில் நடந்த விபத்திலிருந்து அவர் மீளவில்லை. அதற்கு ஆறு மாதம் கழித்து, 2021 ஜனவரியில், பார்வையாளர் இல்லாத பாங்காக் அரங்கில் மரின் ஆடியதுதான் என் கணக்கில் அவருடைய உச்சம். ரியோவைவிட மேல். அடுத்தடுத்து இரண்டு தாய்லாந்துப் போட்டிகளிலும் இறுதியில் தாய் சூ யிங்கை நேர் கேம்களில் வென்றார். முதலாவதில் ஒரு கேம் 21-9. அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் தாய் சூ யிங். மூன்றாவது வாரம் உலகச் சுற்று இறுதிப் போட்டியில் அதே தாய் சூ யிங் 14-21, 21-8, 21-19 என்று கணக்கைத் தீர்த்தார். மார்ச்சில் சுவிஸ் ஓப்பன் இறுதியில் சிந்துவை 21-12, 21-5. மே தொடக்கத்தில் கீவில் ஐரோப்பியப் பட்டம். ஐந்து மாதத்துக்குள் ஐந்து இறுதி, நான்கு வெற்றி. அடுத்த சில வாரத்தில் இடது முட்டி.

இந்த வரிசையைத்தான் மறுபடி மறுபடி படிக்கிறேன். பெருந்தொற்றால் மாதக்கணக்கில் முடங்கிய பிறகு, ஒலிம்பிக் தள்ளிப்போன பிறகு, எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்த காலம் அது. 2018ல் உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு கொண்டுவந்த விதிப்படி ஒற்றையரில் முதல் 15 இடங்களில் உள்ளவர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 12 போட்டிகளில் ஆடியே ஆக வேண்டியிருந்தது. இவை போக உலக சாம்பியன்ஷிப், கண்டப் போட்டி, அணிப் போட்டிகள்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. ஏறக்குறைய பதினோரு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், மட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இறங்கி வென்றார். மேலே ஏறுவது மட்டும் மெதுவாக நடந்தது. 2023ல் கோபன்ஹேகனில் உலக சாம்பியன்ஷிப் இறுதி வரை வந்தபோது தென்கொரியாவின் ஆன் சே யங் 21-12, 21-10 என்று முடித்துவிட்டார். மரினின் முதல் பட்டத்தின்போது ஆன் பள்ளிச் சிறுமி. வேகத்தை உறிஞ்சித் திருப்பித் தரும் அவருடைய தடுப்பாட்டத்தை உடைக்கும் வழி மரினிடம் அன்று இல்லை. ஆனால் 2024 வசந்தத்தில் ஆல் இங்கிலாந்தும் சுவிஸ் ஓப்பனும் ஏழாவது ஐரோப்பியப் பட்டமும் அடுத்தடுத்து வந்தன. ஆல் இங்கிலாந்து இறுதியில் முதல் கேமை 26-24 என்று பிடித்தார்; இரண்டாவதில் 11-1 இருக்கும்போது எதிரே ஆடிய ஜப்பானின் அகானே யமகுச்சி காயத்தால் விலகினார். பாரிஸுக்குப் போகும்போது அவர் பதக்கம் வாங்கக்கூடியவராகத்தான் போனார்.

பாரிஸுக்குப் பின்

ஹே பிங்ஜியாவோ மறுநாள் பதக்க மேடையில் வெள்ளியோடு, மரினுக்கு மரியாதையாக, ஸ்பெயின் அணியின் சின்னம் பொறித்த பேட்ஜையும் கையில் பிடித்து நின்றார். உலகம் முழுக்க அந்தப் படம் பரவியது. பரவ வேண்டிய படம்தான். அதே நாளில் நடந்த இன்னொன்று இந்த ஆய்வுக்கு அதைவிட முக்கியம். தங்கம் வென்ற ஆன் சே யங், மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டிய பத்திரிகையாளர் சந்திப்பில், தன் முட்டிக் காயத்தைத் தேசிய அணி கையாண்ட விதத்தை வெளிப்படையாகக் குறை சொன்னார். 2023 அக்டோபரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில் வலது முட்டியில் அடிபட்டும் ஆடி வென்றவர் அவர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வலியோடு ஆடியதாகச் சொன்னார். தென்கொரிய அரசு அந்த நாட்டு பாட்மிண்டன் சங்கத்தின் மீது விசாரணை தொடங்கியது.

மரினுக்கும் ஆனுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கே தெரிகிறது. மரினைச் சுற்றியிருந்த குழு அவருக்காகவே இருந்தது. எப்போது ஆடுவது, எப்போது நிறுத்துவது என்று அவரோடு உட்கார்ந்து முடிவெடுத்தது. அப்படியிருந்தும் மூன்று முறை. பெரிய அமைப்பின் பட்டியலில் ஒரு பெயராக இருக்கும் ஆட்டக்காரருக்கு முட்டியைப் பற்றிப் பேச ஒலிம்பிக் தங்கம் தேவைப்பட்டது.

மதிப்பீடு

இந்த நிகழ்விலிருந்து பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாக எனக்குப் படுவதில் முதலாவது, தலைக்கு மேல் சுற்றி அடித்து இறங்கும் அசைவைத் தனியாகக் கற்றுத்தருவது. அடியைச் சொல்லித்தருகிறோம், இறக்கத்தைத் தானாக வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். பெண்கள் கால்பந்தில் குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் நிலைநிற்பது, பின்தொடை வலு ஆகியவற்றைச் சேர்த்த வார்ம்-அப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்த அணிகளில் ஏசிஎல் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பயிற்சியின் தொடக்கத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதும். 12, 13 வயதில், குதிக்கும் உயரம் கூடத் தொடங்கும்போதே இதைத் தொடங்க வேண்டும். கோர்ட்டில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இறங்கும்போது முட்டி பாதத்துக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சரிகிறதா. சரிகிற பெண்ணுக்கு அன்றைக்கு ஸ்மாஷ் பயிற்சியைக் குறைத்துவிட்டு இறக்கத்தைத் திருத்தலாம்.

இரண்டாவது, திரும்பும் தேதியைப் போட்டி அட்டவணை முடிவு செய்யக் கூடாது. அறுவை சிகிச்சை செய்த கால், மற்றக் காலின் வலுவில் குறைந்தது 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாவல் சோதனைகளிலும் அப்படியே. களைத்துப்போன நிலையிலும் அதே அளவு வருகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் மூன்றாவது கேமின் 15வது பாயிண்டில் யாரும் களைப்பில்லாமல் இறங்குவதில்லை. ஒரு காலில் ஏசிஎல் போனவருக்கு மற்றக் காலிலும் போகும் ஆபத்து சாதாரண ஆட்டக்காரரைவிட அதிகம் என்பதால், நல்ல காலையும் நோயாளியாகவே நடத்த வேண்டும். மரினின் 2021 அதைத்தான் காட்டுகிறது.

மூன்றாவது ஆட்டக்காரர் கையில் இல்லை. கட்டாயப் போட்டி எண்ணிக்கையை வகுக்கும் மேசையில் இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து திரும்புகிற ஆட்டக்காரருக்கு முதல் ஓராண்டு அந்த எண்ணிக்கையைப் பாதியாக்கி, தரவரிசையையும் அதற்கேற்பக் காப்பாற்றிக் கொடுத்தால், எட்டு மாதத்தில் வியட்நாமுக்கு ஓட வேண்டிய நெருக்கடி யாருக்கும் வராது.